யாரும் நிக்கக் கூடாது!

"இன்னும் ஆறு சேர் வேணும்டா. தெருவுல யார் வீட்டுலயாவது கேட்டு எடுத்துட்டு வா."

சித்தி இதைச் சொன்னப்ப மதியம் ரெண்டு மணி. வெளியே மண்டை பிளக்கிற வெயில். நான் சோபாவில் காலை நீட்டிக்கிட்டு, உப்புத் தண்ணியில் வேகவைத்த நிலக்கடலையை உரிச்சுத் தின்னுட்டு இருந்தேன். இதைப் படிச்சதும் மதுரைப் பக்கம் ஏதோ ஒரு வீடுன்னு நினைச்சிருப்பீங்க. இல்லை பாஸ். இது மான்ட்கோமரி. அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தின் தலைநகரம். அந்தக் கடலை பெட்ரோல் பங்க்கில் வாங்கினது. சத்தியமா! அந்தப் பக்கம் ரோட்டோரக் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் பெரிய பாத்திரத்தில் சுடச்சுடக் கடலை கொதிச்சிட்டு இருக்கும். நாமே கரண்டியில் அள்ளிக்கலாம்.

போன வருஷம் செமஸ்டர் லீவில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு அங்கே கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. மான்ட்கோமரியில் 2005-ல இருந்து ஹூண்டாய் தொழிற்சாலை ஓடுது. அதைச் சுத்தி நம்ம ஸ்ரீபெரும்புதூர் மாதிரியே சின்னச் சின்னக் கம்பெனிகள் நிறைய. நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ரோபோ வெல்டிங் பாக்கலாம்னு ஆசையா போனவனை, சித்தி சேர் தூக்க வெச்சுட்டாங்க.

விஷயம் என்னன்னா, சித்தி ஒரு புக் கிளப்பில் இருக்காங்க. மாசம் ஒரு புத்தகம். எல்லாரும் படிச்சுட்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் யார் வீட்டுலயாவது கூடுவாங்க. பேசுவாங்க, சாப்பிடுவாங்க, கிளம்புவாங்க. தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது. நிஜமா சொல்லணும்னா படிக்காமலே வர்றவங்களும் உண்டு (சித்தப்பா!). இந்த மாசம் சித்தி முறை. முதல் தடவை. மொத்தம் பதினாலு பேர். வீட்டில் இருந்தது எட்டு சேர்.

"எதுக்கு சித்தி? தட்டுல எடுத்துட்டு நின்னுக்கிட்டே சாப்பிட மாட்டாங்களா? படத்துல எல்லாம் அப்படித்தானே காட்டுறான்?"

"இந்தக் கிளப்புல யாரும் நிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் ரூல். போ."

ஏன்னு கேட்டதுக்கு, "வர்றவங்க சொல்லுவாங்க"ன்னு மட்டும் பதில் வந்துச்சு. சரின்னு கிளம்பினேன். நாலு வீட்டு வாசலில் நின்னு, என் பொறியியல் கல்லூரி இங்கிலீஷை வெச்சு, ஆறு மடக்கு நாற்காலி சேர்த்தேன். நாலு வீட்டிலும் கேட்ட ஒரே கேள்வி, "மெனு என்ன?"

சித்தி பதற்றமா இருந்ததுக்கு வேற காரணம் இருந்துச்சு. போன மாசம் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு உரசல். கிளப்பில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இருக்காங்க. எந்நேரமும் தோட்டத்திலேயே இருக்கிறதால நான் வெச்ச பேர் தோட்டத்து ஆன்ட்டி. அவங்க 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. ஹார்ப்பர் லீ எழுதி 1960-ல வந்த நாவல். அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு வாங்குச்சு. அலபாமாவில் ஒரு சின்ன ஊர், செய்யாத குத்தத்துக்காகக் கூண்டில் ஏத்தப்படுற ஒரு கறுப்பின மனிதர், அவருக்காக வாதாடுற வெள்ளைக்கார வக்கீல், இதையெல்லாம் பார்த்துச் சொல்ற அவரோட சின்னப் பொண்ணு ஸ்கவுட்.

இதுக்கு இன்னொரு உறுப்பினர், எழுபது வயசைத் தாண்டின ஓய்வுபெற்ற கறுப்பின ஆசிரியை, "இன்னும் எத்தனை தடவை இதையே படிக்கிறது?"ன்னு கேட்டுட்டு, பையை எடுத்துக்கிட்டு சீக்கிரமே கிளம்பிட்டாங்களாம். அப்புறம் மூணு வாரமா ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒருத்தர் வரலைன்னாலும் கிளப் உடைஞ்சுடும்னு சித்திக்கு பயம். அதுவும் தன் வீட்டில் வெச்சு உடைஞ்சா?

நான் புத்தகம் படிக்கலை. உண்மையை ஒத்துக்கறேன். "அப்ப வா, ஊரையாவது பாத்துட்டு வரலாம்"னு சித்தப்பா அந்த வாரம் என்னை மன்ரோவில் கூட்டிட்டுப் போனார். ஹார்ப்பர் லீ பிறந்து, 2016-ல இறந்தும் போன ஊர். மான்ட்கோமரியில் இருந்து தெற்கே நூறு மைல் சுமார். வழி முழுக்க பைன் மரம், சிவப்பு மண். நடுநடுவே தேவாலயம்.

ஊர் நடுவில் பழைய கோர்ட் கட்டடம். இப்போ மியூசியம். சினிமா எடுத்தப்ப இந்த கோர்ட் அறையைப் பார்த்துத்தான் ஹாலிவுட்டில் செட் போட்டாங்க. ஊர்க்காரர்களே நடிக்கிற நாடகம் வசந்த காலத்தில் இங்கே நடக்கும். நாங்க போனது ஜூன், மிஸ் பண்ணிட்டோம். ஹார்ப்பர் லீ வளர்ந்த வீட்டைத் தேடிப் போனா அங்கே வீடு இல்லை, 'மெல்ஸ் டெய்ரி ட்ரீம்'னு ஒரு ஐஸ்கிரீம் கடை இருக்கு. சித்தப்பா ஒரு வெனிலா வாங்கிக்கிட்டு, "நாவல் வாசம் வருதுடா"ன்னார். அவர் அப்படித்தான்.

ஆனா கோர்ட் அறையில் ஒண்ணு மனசில் நின்னுச்சு. மேலே மரத்தில் ஒரு பால்கனி. நாவலில் வழக்கு நடக்கும்போது கறுப்பின மக்கள் உட்கார்றது அங்கேதான். கீழே வெள்ளையர், மேலே கறுப்பர். யார் எங்கே உட்காரணும்னு கட்டடமே சொல்லுது. திரும்பி வர்ற வழியில் காரிலேயே புத்தகத்தைத் திறந்தேன். சனிக்கிழமைக்குள் முக்கால்வாசி முடிச்சுட்டேன்.

இப்போ சமையல். இதுக்குத்தானே காத்திருந்தீங்க?

சித்தி பிரியாணி போடுவாங்கன்னு நினைச்சேன். "புத்தகம் இந்த ஊரோடது, சாப்பாடும் இந்த ஊரோடதா இருக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. அமெரிக்கத் தென்பகுதிச் சாப்பாட்டை 'கம்ஃபர்ட் ஃபுட்'ங்கிறாங்க. காய்ச்சல் வந்தா நமக்கு ரசம் சாதம் கேட்குது இல்லையா, அந்த மாதிரி மனசுக்கு ஆறுதல் சாப்பாடு. என்ன, இங்கே ரசத்துக்குப் பதிலா வெண்ணெய்!

சாமான் பட்டியலைப் பார்த்தப்ப எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. வெண்டைக்காய், தட்டப்பயறு, கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மோர். எங்க அம்மா எழுதின மளிகை லிஸ்ட் மாதிரியே இருக்கு. வெண்டைக்காயும் தட்டப்பயறும் அமெரிக்காவோட சொந்தச் சரக்கு இல்லை. ஆப்பிரிக்காவில் இருந்து மக்களை அடிமைகளாக் கப்பலில் கொண்டுவந்த காலத்தில் கூடவே வந்தது. 'ஓக்ரா'ங்கிற வார்த்தையே மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழியில் இருந்து வந்ததுதான். தெற்கத்திச் சமையல்னு இன்னைக்கு கொண்டாடுறதில் பெரும்பங்கு, அடுப்படியில் நின்ன அந்தக் கறுப்பினப் பெண்களோட கை.

வெண்டைக்காயை மோரில் முக்கி, மக்காச்சோள மாவில் புரட்டி, எண்ணெயில் போட்டு எடுத்தோம். வழவழப்பு போயே போச்சு. தட்டப்பயறு வெங்காயத்தோட அடுப்பில் கிடந்தது. கொலார்ட்னு ஒரு கீரை, யானைக் காது மாதிரி இலை. அதை மணிக்கணக்கா வேக விடணும். பன்றிக்கறி போடுறது வழக்கம். சித்தி புகையில் வாட்டின வான்கோழிக் கால் ஒண்ணைப் போட்டாங்க. கடைசியில் அடியில் தேங்குற சாறுக்குத் தனிப் பேரே உண்டு, 'பாட் லிக்கர்'. பயப்படாதீங்க, கீரைத் தண்ணிதான்! அதில் ரொட்டியை நனைச்சுத் தின்னா... சரி விடுங்க, ஹாஸ்டலில் உட்கார்ந்து படிக்கிறவங்களை நோகடிக்கக் கூடாது.

எனக்குக் கொடுத்த வேலை கார்ன்பிரெட். மக்காச்சோள மாவு, மோர், முட்டை, சமையல் சோடா. இதை ஊத்துறது கனமான இரும்புச் சட்டியில். அந்தச் சட்டியை நம்ம தோசைக்கல் மாதிரியே பழக்கணும். சோப்பு போட்டுத் தேய்ச்சா கொலை விழும். முதலில் வெறும் சட்டியை எண்ணெயோட அவனில் வெச்சு நல்லா காய விடணும். அப்புறம் மாவை ஊத்தும்போது 'சொய்ங்'னு சத்தம் வரணும். சத்தம் வந்தா அடியும் ஓரமும் மொறுமொறு. வரலைன்னா களி. மாவு கொஞ்சம் சப்புனு இருந்ததால ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டேன். இது எவ்வளவு பெரிய குத்தம்னு அப்போ எனக்குத் தெரியாது.

ஸ்வீட் டீயில் மட்டும் நம்ம கெமிஸ்ட்ரி வேலை செஞ்சுது. டீ கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே சர்க்கரையைக் கொட்டிக் கரைச்சுடணும், அப்புறம்தான் ஐஸ். ஆறின டீயில் போட்டா அந்த அளவு சர்க்கரை சீக்கிரத்தில் கரையாது. முதல் வாய் குடிச்சதும் பல் கூசுச்சு. மூணாவது டம்ளரில் பழகிடுச்சு.

கடைசியா பீச் காப்ளர். சில்டன் கவுண்டி பீச் பழம், அந்த ஊருக்கு அதுதான் நம்ம சேலத்து மாம்பழம். தட்டில் வெண்ணெயை உருக்கி, மேலே மாவுக் கரைசலை ஊத்தி, அதுக்கு மேலே பழத்தைப் போடணும். கிளறவே கூடாது. அவனுக்குள்ள மாவு பழத்தைத் தாண்டி மேலே எழும்பி வந்து மூடிக்கும். அவன் கண்ணாடி முன்னாடி உட்கார்ந்து முக்கால் மணி நேரம் இதையே பார்த்துட்டு இருந்தேன். எந்த லேபிலும் இவ்வளவு கவனமா இருந்ததில்லை.

சாயங்காலம் அஞ்சு மணி. பின்பக்க வராந்தாவில் பதினாலு சேரும் வட்டமா போட்டாச்சு. ஒவ்வொருத்தரா ஆளுக்கொரு பாத்திரத்தோட வந்தாங்க. மசாலா வெச்ச அவிச்ச முட்டை ஒரு குழித் தட்டில் வந்துச்சு. அப்படியே நம்ம பணியாரக் கல்! 'மாக் அண்ட் சீஸ்' ரெண்டு பேர் கொண்டுவந்தாங்க. மாவு, பால், வெண்ணெய், சீஸ் கலந்த இந்த வஸ்துவை அந்த ஊர் மெஸ்களில் காய்கறிப் பட்டியலில் போட்டிருக்கான், தெரியுமா? டயட்டில் இருக்கிறவங்க கவனிக்க.

என்னை எல்லாரும் 'ஹனி', 'பேபி'ன்னு கூப்பிட்டாங்க. நான் எல்லாரையும் 'மேம்'. அது அங்கே கட்டாயம். கூட்டமா இருந்தா 'யால்'. இங்கிலீஷில் 'நீங்க'ளுக்குத் தனி வார்த்தை இல்லைன்னு நாம குறைப்படுவோமே, தெற்கத்திக்காரங்க அதைத் தாங்களே செஞ்சுக்கிட்டாங்க.

தோட்டத்து ஆன்ட்டி லேன் கேக்கோட வந்தாங்க. உலர்திராட்சையும் போர்பன் சாராயமும் போட்ட கேக். அலபாமாவில் கிளேட்டன்கிற ஊர்க்காரர் எம்மா ரைலண்டர் லேன் 1898-ல தன் சமையல் புத்தகத்தில் வெளியிட்டது. நாவலிலும் இந்தக் கேக் வருது. 2016-ல இதை மாநிலத்தின் அதிகாரபூர்வ இனிப்பா அறிவிச்சாங்க. ஆன்ட்டி கேக்கை வெச்சுட்டு வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க. சித்தியும்தான். அஞ்சரை ஆச்சு. ஒரு சேர் காலியாவே இருந்துச்சு.

அஞ்சே முக்காலுக்கு கார் சத்தம். ஆசிரியை, கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை. மிச்சம் இருந்த ஒரே சேர் ஆன்ட்டிக்குப் பக்கத்தில். சேர் போட்டவன் நான்தான். சித்தி என்னை முறைச்ச முறை இருக்கே! நான் வேணும்னு பண்ணலை, நம்புங்க.

ரெண்டு பேரும் மரியாதையா தலையாட்டிக்கிட்டாங்க. பேச்சு இல்லை. தட்டு சுத்தி வந்துச்சு. ஆன்ட்டி கார்ன்பிரெட்டை ஒரு கடி கடிச்சாங்க. நிறுத்தினாங்க. "யார் செஞ்சது? இதுல சர்க்கரை இருக்கு."

"நான்தான் மேம்."

"ஹனி, சர்க்கரை போட்டா அது கார்ன்பிரெட் இல்லை, கேக்."

ஆசிரியை இன்னொரு துண்டை எடுத்துக்கிட்டே சொன்னாங்க. "எங்க வீட்டுல போடுவோம். பையன் சரியாத்தான் செஞ்சிருக்கான்."

அவ்வளவுதான். இருபது நிமிஷம் கார்ன்பிரெட் சண்டை. ரெண்டு கட்சியா பிரிஞ்சு, பாட்டி காலத்துச் செய்முறை எல்லாம் வெளியே வந்து, சித்தப்பா நடுவுல புகுந்து ரெண்டு பக்கமும் அடி வாங்கினார். சித்தி முகத்தில் மெதுவா ரத்தம் திரும்புச்சு.

அப்புறம்தான் புத்தகம். ஆசிரியை யாரையும் குத்தம் சொல்லலை. ஒரு பக்கத்தைத் திறந்து கேட்டாங்க. நாவலில் அந்த வீட்டுச் சமையல்காரம்மா கால்பூர்னியா. கறுப்பினப் பெண். குழந்தைகளை வளர்க்கிறதே அவங்கதான். ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க சர்ச்சுக்குக் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறாங்க. திரும்பும்போது ஸ்கவுட், உங்க வீட்டுக்கும் ஒரு நாள் வரட்டுமான்னு கேக்குறா. தாராளமா வான்னு கால்பூர்னியா சொல்றாங்க. பின்னாடி இதைத் தெரிஞ்சுக்கிட்ட அத்தை, போகக் கூடாதுன்னு சொல்லிடுறாங்க.

"போனாளா?" ஆசிரியை கேட்டாங்க. "கடைசி வரைக்கும் போகலை. புத்தகம் முழுக்க கால்பூர்னியா அவங்களுக்கு சமைச்சுப் போடுறா. அவ வீட்டு அடுப்புல என்ன வெந்ததுன்னு நமக்குத் தெரியவே தெரியாது. நான் அந்த வீட்டுக்குள்ள போற புத்தகத்தைத்தான் படிக்கணும்னு சொன்னேன்."

தோட்டத்து ஆன்ட்டி ரொம்ப நேரம் பேசலை. அந்த நாவலை அவங்க பதினோரு தடவை படிச்சவங்க. "அந்தப் பொண்ணு அங்கே போனதாவே நான் நினைச்சுட்டு இருந்தேன்"னாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, அந்தப் பக்கத்தைத் தன் புத்தகத்தில் தேடி மடிச்சு வெச்சாங்க. ஆனா நாவலை விட்டுக்கொடுக்கலை. சின்ன வயசில் தன் வீட்டில் பேசவே கூடாதுன்னு இருந்ததை முதல் தடவை பேசினது அந்தப் புத்தகம்தான்னாங்க. ஆசிரியையும் அதை மறுக்கலை.

நான் மெதுவா அந்தக் கேள்வியைக் கேட்டேன். இந்தக் கிளப்பில் ஏன் யாரும் நிக்கக் கூடாது?

ஆசிரியை பையை ஒரு துண்டு வெட்டி என் தட்டில் வெச்சுட்டு ஆரம்பிச்சாங்க. மான்ட்கோமரியின் பொது நூலகத்துக்குள் கறுப்பினத்தவரை விடாத காலம். 1962-ல ராபர்ட் காப்ங்கிற இளைஞர் பேரில் நூலக வாரியத்து மேல வழக்குப் போட்டாங்க. நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் எல்லாரையும் உள்ளே விடணும்னு உத்தரவு போட்டார். நூலகம் உத்தரவை மதிச்சுது. கதவைத் திறந்துச்சு. ஆனா உள்ளே இருந்த மேஜை, நாற்காலி எல்லாத்தையும் எடுத்துடுச்சு.

புரியுதா? ரெண்டு நிறத்து ஆளுங்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படிச்சுடக் கூடாதாம். வேணும்னா நின்னுக்கிட்டே படிங்க.

"எங்க அக்கா அப்போ ஆசையா போனா. கால் வலிக்குதுன்னு சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வந்தா." அவ்வளவுதான் சொன்னாங்க. இந்தக் கிளப்பை ஆரம்பிச்ச நாலு பேரில் அவங்களும் ஒருத்தராம். ரூல் அவங்க போட்டது.

என் கையில் தட்டு இருந்துச்சு. மதியம் வெயிலில் ஆறு சேர் தூக்கினதுக்கு நான் முணுமுணுத்தது எல்லாம் ஞாபகம் வந்து, குனிஞ்சு பையைச் சாப்பிட்டேன்.

இருட்டுற வரைக்கும் பேச்சு போச்சு. ஜார்ஜியா கில்மோர் கதையையும் அன்னைக்குத்தான் கேட்டேன். ரோசா பார்க்ஸ் 1955-ல கைதானதும் இந்த ஊர் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸைப் புறக்கணிச்சாங்க இல்லையா? அத்தனை நாள் மாற்று வண்டி ஓட்ட பெட்ரோல் காசு? சமையல்காரரான கில்மோரும் கூட சில பெண்களும் கோழி வறுத்து, பை சுட்டு, கேக் செஞ்சு வித்துப் பணம் சேர்த்துக் கொடுத்தாங்க. யார் கொடுத்தது தெரிஞ்சா வேலை போயிடும். அதனால தங்களுக்கு வெச்சுக்கிட்ட பேர் 'எங்கேயும் இல்லாத கிளப்'. பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, எங்கேயும் இல்லை! 1990-ல அவங்க இறந்த அன்னைக்குக்கூட ஊர்வலத்தில் வர்றவங்களுக்காக சமைச்சுட்டு இருந்தாங்க. துக்கம் கேட்க வந்தவங்களுக்கு அந்தச் சாப்பாட்டையே பரிமாறினாங்களாம்.

கிளம்பும்போது எல்லார் கையிலும் ஃபாயில் சுத்தின ஒரு தட்டு. அடுத்த மாசம் தோட்டத்து ஆன்ட்டி வீடு. புத்தகத்தை ஆசிரியை தேர்ந்தெடுக்கணும்னு முடிவாச்சு. கார்ன்பிரெட் யார் செய்யறதுங்கிறது மட்டும் முடிவாகலை. வாசல் வரைக்கும் அதே பஞ்சாயத்து.

மறுநாள் சேர்களைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் நாலு பச்சைத் தக்காளி கொடுத்து, வட்டமா நறுக்கி மாவில் புரட்டிப் பொரிச்சுச் சாப்பிடச் சொன்னாங்க.

திங்கக்கிழமை சித்தப்பா ஆபீஸ் போற வழியில் என்னை ஹை ஸ்ட்ரீட்டில் இறக்கி விட்டார். அந்த நூலகத்துக்கு 2005-ல ஜூலியட் ஹாம்ப்டன் மார்கன்னு பேர் வெச்சிருக்காங்க. இங்கே வேலை பார்த்த வெள்ளைக்கார நூலகர். பஸ் புறக்கணிப்பு நடந்தப்ப அதை காந்தியோட உப்பு சத்தியாகிரகத்தோட ஒப்பிட்டு உள்ளூர் பேப்பருக்குக் கடிதம் எழுதினவங்க. மிரட்டல், வசவு, கடைசியில் வீட்டு முன்னாடி சிலுவையை எரிச்சாங்க. 1957-ல, 43 வயசில், தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டாங்க. நாற்காலியை எடுத்த அந்த 1962-ஐ அவங்க பார்க்கலை.

உள்ளே ஏசி ஜில்லுனு இருந்துச்சு. நாற்காலி நிறைய. ஜன்னல் ஓரமா ஒண்ணில் உட்கார்ந்து நாவலின் மிச்சக் கால்வாசியைப் படிச்சேன். எதிர் சேரில் ஒரு தாத்தா பேப்பரோட தூங்கிட்டு இருந்தார். அந்தப் பக்கமா வந்த நூலகர், ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டாங்க.

"இல்லை மேம். சும்மா உட்கார்ந்திருக்கேன்"னேன்.

"உட்காரு பேபி"ன்னுட்டுப் போயிட்டாங்க.